சணல் நகரிலிருந்து கணினி விளையாட்டுக்கு: டண்டீ நகர டி.எம்.ஏ. டிசைன் நிறுவனத்தின் வரலாறும் திருகோணமலைக்கு அது உணர்த்துவனவும்

பிரித்தானியக் கடற்படையின் பழைய பாய்மரப் போர்க்கப்பல்களுள் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு இன்றும் அழியாது நிலைத்துள்ளன. அவற்றுள் ஒன்று 1817ஆம் ஆண்டு பம்பாயில், வாடியா குடும்பத்தினரின் கைவண்ணத்தில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. அதன் பெயர் ‘திருகோணமலை’. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அது பேணப்பட்டு வருகின்றது. மற்றையது 1824இல் நீரில் இறக்கப்பட்ட ‘யூனிகோர்ன்’. அது 1873 முதல் ஸ்கொத்லாந்தின் கீழைக் கரையிலுள்ள டண்டீ என்னும் துறைமுக நகரில் நிற்கின்றது. ‘திருகோணமலை’யின் உடன்பிறப்பான கப்பலைத் தன்னகத்தே கொண்ட அந்த நகரத்தைத் திருகோணமலை மக்களுள் அறிந்தோர் சிலரே. எனினும் உலகெங்கும் இளைஞர் கையாண்ட இரு கணினி விளையாட்டுக்கள் அந்நகரிலேயே பிறந்தன. அவற்றை ஆக்கிய டி.எம்.ஏ. டிசைன் என்னும் சிறு நிறுவனத்தின் தோற்றம், வளர்ச்சி, கைமாற்றம் ஆகியவற்றை ஆராய்வதும், பேரரசின் துறைமுக நகரொன்று பேரரசு நீங்கிய பின் எதனைக்கொண்டு வாழ்கின்றது என்னும் வினாவைத் திருகோணமலையை மனங்கொண்டு எழுப்புவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டினை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது தகுமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஒரு காலத்தில் நாட்டார் பாடலும் கூத்தும் இவ்வாறே ஐயுறப்பட்டன. ஒரு சமுதாயம் தன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தது, அதற்கான பொருளை யார் ஆக்கினர், அதன் பயனை யார் துய்த்தனர் என்பன வரலாற்றாசிரியன் புறக்கணிக்கத்தகாத வினாக்களாம்.

1. சணலும் கடிகாரமும்

டே ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த டண்டீ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சணலால் வளர்ந்தது. வங்காளத்தில் விளைந்த சணல் கல்கத்தாவினின்று கப்பலேறி டண்டீயை அடைந்தது. உலர்ந்த சணல் நாரை இயந்திரத்தில் நூற்பதற்கு அதனை மென்மையாக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. டண்டீ திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகமாகவும் விளங்கியமையால் அவ்வெண்ணெய் அந்நகரிலேயே கிடைத்தது. வங்காள உழவனின் விளைச்சலும் வடகடல் திமிங்கிலத்தின் நெய்யும் ஒன்றுகூடியே அந்நகரின் ஆலைப் புகைபோக்கிகளை எழுப்பின எனலாம்.

இந்நூற்றாலைகள் செழிப்புற்றிருந்த காலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் அவற்றில் தொழில்புரிந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் பெண்களாவர். பெண்களுக்கும் சிறுவர்க்கும் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதே அதற்குக் காரணமாகும். வளர்ந்த ஆண்கள் பலர் வேலையின்றி வீட்டில் அடுப்பு மூட்டித் தேநீர்க் கேத்தலைக் கொதிக்கவைப்போராக இருந்தனர். அந்நகர மக்கள் அவர்களைக் ‘கேத்தல் கொதிக்கவைப்போர்’ என்றே எள்ளி அழைத்தனர்.

ஆனால் கூலி குறைவான இடத்தை நாடி முதல் பெயரும் என்னும் பொருளியல் நியதி டண்டீயையும் விட்டுவைக்கவில்லை. 1855இல் கல்கத்தாவுக்கு அண்மையில் ரிஷ்ராவில் முதலாவது சணல் ஆலை எழுந்தது. டண்டீயின் இயந்திரங்களும் டண்டீயின் மேற்பார்வையாளருமே ஊக்ளி ஆற்றங்கரைக்குச் சென்று அத்தொழிலை நிறுவினர். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே கல்கத்தா டண்டீயை விஞ்சிவிட்டது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மெல்ல மெல்லத் தேய்ந்த டண்டீச் சணல் தொழில், 1990களின் இறுதியோடு முற்றாக மறைந்தது.

சணல் தேய்ந்தபோது அந்நகரின் ஆட்சியினர் புதுத்தொழில்களை நாடினர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கக் கடிகார நிறுவனமாகிய டைமெக்ஸ் அங்குத் தன் தொழிற்சாலையை நிறுவியது. நுண்ணிய பாகங்களைக் கையாளும் திறன் வாய்ந்த பெண்கள், சணல் ஆலையினின்று கடிகார ஆலைக்கு மாறினர். 1970களில் கைக்கடிகாரச் சந்தை சரிந்தபோது அந்நிறுவனம் பிறர்க்கு மின்னணுப் பொருள்களைப் பொருத்திக் கொடுக்கும் பணியை மேற்கொண்டது. அவ்வாறு வந்த பணிகளுள் ஒன்றே வரலாற்றின் போக்கை மாற்றியது.

2. வீட்டுக்கு வந்த கணினி

கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த கிளைவ் சிங்கிளெயர் என்பாரின் நிறுவனம் 1982 ஏப்பிரலில் ‘இசற் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது. இறப்பர் விசைகளைக் கொண்ட அச்சிறு கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் பயன்படுத்தவேண்டும். நிரல்களை ஒலிநாடாவிற் பதிந்து வைத்தனர். அதன் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைற்று மாத்திரமே. இன்றைய கைத்தொலைபேசியில் ஒரு நிழற்படத்திற்கும் அது போதாது. எனினும் தொழிலாளர் குடும்பமும் வாங்கத்தக்க விலையாகிய 125 பவுணுக்கு அது விற்கப்பட்டமை புரட்சிகரமானதாயிற்று.

அக்கணினி டண்டீயின் டைமெக்ஸ் ஆலையிலேயே பொருத்தப்பட்டது. ஆகவே பிற நகரங்களைவிட டண்டீயின் இல்லங்களில் கணினி எளிதிற் புழங்கியது. ஆலையின் பின்வாசல் வழியாகவும் சில கணினிகள் வீடு வந்து சேர்ந்தன என்று அந்நகரில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. எவ்வாறாயினும், தாயோ தமக்கையோ பொருத்திய கருவியிலேயே நிரல் எழுதப் பழகிய ஓர் இளந்தலைமுறை அங்கு உருவாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

டைமெக்ஸ் ஆலையின் முடிவு இனியதன்று. 1993இன் தொடக்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நிர்வாகம் அவர்களை வெளியே நிறுத்தி வேற்றாட்களைப் பேருந்துகளில் ஏற்றிவந்தது. வாயிலில் நிகழ்ந்த கடுமையான மோதல்களின் பின், அவ்வாண்டு ஓகஸ்டில் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. ஆலை மறைந்தபோதும் அது பரப்பிய திறன் மறையவில்லை.

3. கழகமொன்றிலிருந்து பிறந்த நிறுவனம்

1980களின் நடுப்பகுதியில் டண்டீயின் கிங்ஸ்வே தொழில்நுட்பக் கல்லூரியில் ஆர்வலர் கணினிக் கழகமொன்று கூடிவந்தது. டேவிட் ஜோன்ஸ், மைக் டெய்லி, ரசல் கே, ஸ்டீவ் ஹமண்ட் ஆகிய இளைஞர் நால்வர் அங்கேதான் ஒருவரையொருவர் அறிந்தனர். இவர்களுள் ஜோன்ஸ் டைமெக்ஸ் ஆலையிற் பயிலுநராகப் பணிபுரிந்தவர். ஆட்குறைப்பின்போது கிடைத்த பணத்தைக்கொண்டு அவர் ‘அமிகா’ என்னும் விலையுயர்ந்த கணினியை வாங்கினார். பின்னர் டண்டீயின் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்திற் சேர்ந்து, பாடத்தோடு விளையாட்டு நிரலொன்றையும் எழுதலானார்.

1987இல் நிறுவனத்திற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அமிகாக் கணினியின் கைந்நூலிற் காணப்பட்ட, ‘நேரடி நினைவக அணுகல்’ என்பதைக் குறிக்கும் டி.எம்.ஏ. என்னும் மூன்றெழுத்து அதற்குச் சூட்டப்பட்டது. இவ்வெழுத்துக்களுக்கு ‘ஒரு பொருளுமில்லை’ என்றே விரிவு கூறி அவர்கள் பின்னாளில் நகையாடினர். 1988இல் அவர்களின் முதல் விளையாட்டாகிய ‘மெனஸ்’ வெளிவந்தது. அதனை வெளியிட்டது லிவர்பூல் நகரின் சைக்னோசிஸ் நிறுவனமாகும். லிவர்பூலும் பேரரசின் வாணிகத்தால் வளர்ந்து பின் நலிந்த துறைமுகமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதல் முயற்சியின் வெற்றியால் ஊக்கமுற்ற ஜோன்ஸ் கல்வியை இடையில் நிறுத்தி இத்தொழிலையே மேற்கொண்டார்.

4. எட்டுப் புள்ளிகளுக்குள் ஓர் உலகம்

1989 ஓகஸ்டில் டி.எம்.ஏ. அலுவலகத்தில் ஒரு சிறு விவாதம் எழுந்தது. திரையில் நடமாடும் மனித உருவொன்றை எத்துணைச் சிறிதாக வரையலாம் என்பதே அவ்விவாதம். உடன்பணியாளர் ஒருவர் பதினாறு புள்ளி உயரத்தில் வரைந்திருக்க, எட்டுப் புள்ளி உயரமும் எட்டுப் புள்ளி அகலமுமே போதும் என்று மைக் டெய்லி வரைந்து காட்டினார். வரிசையாக நடந்துசென்று பொறிகளிற் சிக்கி மடியும் சிற்றுருவங்களைக் கண்டு அனைவரும் சிரித்தனர். இதற்குள் ஒரு விளையாட்டு உண்டு என்று முதலிற் கண்டுகொண்டவர் ரசல் கே ஆவார். கூட்டங்கூட்டமாகச் சென்று உயிர்விடும் எனத் தவறாக நம்பப்படும் வடதுருவ எலியினமாகிய லெமிங்கின் பெயரையும் அவரே அதற்குச் சூட்டினார்.

‘லெமிங்ஸ்’ 1991 பெப்ரவரி 14இல் வெளிவந்தது. அதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. பச்சை மயிரும் நீல உடையும் கொண்ட சிற்றுருவங்கள் ஒரு வாயிலினின்று வீழ்ந்து, எதிர்ப்படும் இடரை அறியாது நடந்துகொண்டே இருக்கும். ஆடுபவர் அவற்றுட் சிலவற்றிற்கு ஏறுதல், மிதந்திறங்குதல், தடுத்து நிற்றல், படி கட்டுதல், குடைதல், தோண்டுதல் முதலிய எட்டுத் தொழில்களுள் ஒன்றை அளித்து, கூட்டத்தை வெளிவாயிலுக்கு வழிப்படுத்தவேண்டும். சில வேளை ஒன்றை வெடித்து மடியச் செய்தே ஏனையவற்றைக் காக்க இயலும். வெளிவந்த முதல்நாளிலேயே 55,000 படிகள் விற்பனையாயின. பிற கணினிகளுக்கும் பெயர்க்கப்பட்ட பின் மொத்த விற்பனை ஒன்றரைக் கோடியை எட்டியதெனக் கணிக்கப்படுகின்றது.

பகைவரைக் கொல்வதே பெரும்பாலான விளையாட்டுக்களின் இலக்காயிருந்த அந்நாளில், அறியாக் கூட்டமொன்றைக் காப்பதே இலக்காக அமைந்தமை இதன் சிறப்பாகும். ஆயினும் அவ்விளையாட்டின் உரிமை டண்டீயில் தங்கவில்லை. வெளியீட்டாளராகிய சைக்னோசிஸிடம் உரிமை இருந்தது. 1993இல் யப்பானிய சோனி நிறுவனம் சைக்னோசிஸை வாங்கியபோது லெமிங்குகளும் உடன் சென்றன. ஆக்கியோர் ஒருவர், உடையோர் வேறொருவர் என்னும் நிலை இவ்வாறே தொடங்கிற்று.

5. புகழும் கைமாற்றமும்

1995இல் அந்நிறுவனத்தார், திருடரும் காவலரும் மகிழுந்துகளில் ஒருவரையொருவர் துரத்தும் விளையாட்டொன்றை ஆக்கத் தொடங்கினர். நகரமொன்றை வானின்று நோக்குவதுபோல் அதன் காட்சி அமைந்தது. தொடக்கத்தில் அது சுவையற்றிருந்தது. நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் காவற்றுறை வண்டிகள் வெறிகொண்டு ஆடுபவரை மோதலாயின. ஆக்குநர் அப்பிழையைத் திருத்துவதை விடுத்து அதனையே விளையாட்டின் உயிராக்கினர். இவ்வாறு உருவாகி 1997இல் வெளிவந்ததே ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ ஆகும்.

ஆடுபவர் குற்றவாளியாகப் பங்கேற்கும் அவ்விளையாட்டு வெளிவருமுன்னரே பிரபுக்கள் சபையிற் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கண்டனத்தையே விளம்பரமாக்கும் நோக்குடன் வெளியீட்டாளர் தேர்ந்த விளம்பரத் தரகர் ஒருவரை அமர்த்தியிருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. கூட்டத்தைக் காக்கும் விளையாட்டை ஆக்கிய அதே கைகள் ஆறாண்டுகளில் நகரைச் சூறையாடும் விளையாட்டையும் ஆக்கின. அதன் அறப்பண்பு பற்றிய விவாதம் நியாயமானதே. எனினும் வரம்பின்றி உலவத்தக்க நகரமொன்றைக் கணினிக்குள் அமைத்த தொழில்நுட்பச் சாதனையை அவ்விவாதம் மறைத்துவிடலாகாது.

இதற்கிடையில் நிறுவனம் பண்டம்போல் கைமாறத் தொடங்கிற்று. 1997இல் ஷெஃபீல்ட் நகரின் கிரெம்லின் நிறுவனம் அதனை 42 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. 1999இல் பிரெஞ்சு நிறுவனமாகிய இன்போகிராம்ஸ் கிரெம்லினை வாங்கியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்க டேக்-டூ நிறுவனம் டி.எம்.ஏ.யைத் தன்வசப்படுத்தி, நியூயோர்க்கிலிருந்த தன் ரொக்ஸ்டார் பிரிவின்கீழ் வைத்தது. மூன்றாண்டுக்குள் உரிமையாளர் மூவர். ஜோன்ஸ் விலகினார். பணியிடம் டண்டீயை நீங்கி எடின்பரோவைச் சேர்ந்தது. 2001இல் முப்பரிமாண நகரோடு மூன்றாம் பாகம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டு டி.எம்.ஏ. என்னும் பெயரும் நீக்கப்பட்டு ‘ரொக்ஸ்டார் நோர்த்’ என்னும் பெயர் இடப்பட்டது. 2013 செப்ரெம்பர் 17இல் வெளிவந்த ஐந்தாம் பாகம் மூன்றே நாள்களில் 100 கோடி டொலர் விற்பனையைக் கண்டது. நால்வர் கூடிய கழகத்திலிருந்து அத்தொகை வரையுள்ள தூரம் இருபத்தைந்தாண்டுகளேயாம்.

6. மீண்டும் கிழக்கு நோக்கி

சணலின் கதையில் நிகழ்ந்தது விளையாட்டின் கதையிலும் ஒருவகையில் நிகழ்ந்தது. தென்னிந்தியாவின் பெங்களூரில் ராஜேஷ் ராவ் என்பார் 1997இல் ‘துருவா இன்டராக்டிவ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முன்னோடி விளையாட்டாக்க நிறுவனங்களுள் ஒன்றான அது, பிறநாட்டு விளையாட்டுக்களுக்கு வேண்டிய கட்டடங்கள், வண்டிகள், மாந்தர் முதலியவற்றை வடித்துக் கொடுக்கும் பணியிற் பெயர்பெற்றது. ரொக்ஸ்டார் 2016இல் பெங்களூரில் தன் கிளையை நிறுவி, 2019இல் துருவாவையும் வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அவ்விணைப்பால் ஏறத்தாழ ஐந்நூறு கலைஞரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் வந்தனர்.

வங்காளத்துச் சணல் டண்டீக்குச் சென்றதும், டண்டீயின் தறி வங்காளத்துக்கு வந்ததும் முன்னைய வரலாறு. டண்டீயில் முளைத்த கலையின் பணி பெங்களூருக்கு வந்தது பின்னைய வரலாறு. இருகாலும் உழைப்பு ஓரிடத்திலும் உரிமை வேறோரிடத்திலும் இருந்தமை ஒப்புநோக்கி உணரத்தக்கது.

ஆயினும் டண்டீ இம்முறை வெறுங்கையோடு நிற்கவில்லை. அங்குள்ள அபர்ட்டே பல்கலைக்கழகம் 1997இலேயே கணினி விளையாட்டுக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகில் அத்துறையின் முதற் பட்டப்படிப்பு அதுவே என்பர். ஜோன்ஸ் 2002இல் தொடங்கிய ‘ரியல்டைம் வேர்ல்ட்ஸ்’ என்னும் நிறுவனம் 2010இல் வீழ்ந்தபோதும், வேலையிழந்தோர் பலர் நகரை விட்டகலாது சிறு நிறுவனங்களைத் தோற்றுவித்தனர். அந்நகரின் 4ஜே ஸ்டூடியோஸ், ‘மைன்கிராஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை 2012இல் விளையாட்டுக் கருவிகளுக்குப் பெயர்த்தளித்தது. 2014இல் யுனெஸ்கோ டண்டீயை வடிவமைப்பு நகரமாக ஏற்றது. நகரத் தெருவோரத்தில் லெமிங்குகளுக்கு வெண்கலச் சிலையும் உண்டு.

7. திருகோணமலை நோக்கி

இனித் திருகோணமலையை நோக்குவோம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கொண்ட இத்துறைமுகம், ஆழத்தாலும் அரணாலும் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. கடற்படைத் தளமும், சீனக்குடாவையொட்டிய நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் குதங்களும் பிரித்தானியராட்சியில் எழுந்தன. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கியமை இதன் போரியல் மதிப்பைக் காட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் தளத்தின் பட்டறைகளில் தொழில் பயின்றனர். 1957 ஒக்டோபர் 15இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது நாட்டின் இறைமைக்குப் பெருமையாயினும், தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வேலையிழப்பாகவும் அமைந்தது.

அதன்பின் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் குடாக்கரையில் எழுந்தன. அவை பெரும்பாலும் துறைமுகத்தின் ஆழத்தை நாடி வந்தனவேயன்றி ஊர் மக்களின் திறனை நாடி வந்தனவல்ல. டண்டீயின் இளைஞர் ஸ்பெக்ட்ரம் கணினியில் நிரல் எழுதப் பழகிய 1983ஆம் ஆண்டிலேயே திருகோணமலையின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2009 வரை நீடித்த போரில் ஒரு தலைமுறை முழுவதும் இடம்பெயர்வையும் ஊரடங்கையும் அறிந்தே வளர்ந்தது. மாலையில் நால்வர் அச்சமின்றி ஓரிடத்திற் கூடுதல் என்பதே அரிதாயிருந்த காலம் அது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இலேயே நிறுவப்பட்டது. டண்டீயோடு திருகோணமலையை ஒப்பிட்டு, இளைஞர்க்கு முயற்சி போதாது எனக் கூறுவார் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

திருகோணமலை பற்றிய அரசியற் பேச்சிலெல்லாம் எண்ணெய்க் குதங்களே முதலிடம் பெறுகின்றன. எஞ்சிய 99 குதங்கள் பற்றி 2003இலும் 2022இலும் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் அனைவரும் இங்குக் கண்டது நீரின் ஆழத்தையே. கரையில் வாழ்வோரின் அறிவின் ஆழத்தை அளந்தவர் அரியர்.

முடிவுரை

டி.எம்.ஏ. டிசைனின் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. ஆலை மூடப்படலாம், கப்பல் வாராதொழியலாம், ஆனால் மக்கள் பயின்ற கைத்திறனும் அவர்கள் கூடிப் பயில்வதற்கான இடமும் எஞ்சுமாயின் நகரம் மீண்டெழும் என்பது முதலாவது உண்மை. கிங்ஸ்வேக் கல்லூரியின் ஓர் அறையும் சில கணினிகளும் மாலைப்பொழுதுகளுமே அந்நகருக்கு வித்தாயின. திறன் மட்டும் போதாது, ஆக்கத்தின் உரிமையையும் காக்கத் தெரியாதோர் பிறர்க்கு உழைப்போராகவே முடிவர் என்பது இரண்டாவது. லெமிங்ஸும் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோவும் இன்று டண்டீயின் புகழாக உள்ளனவேயன்றி அதன் உடைமையாக இல்லை.

திருகோணமலையின் மாணவர் இன்று கணினியியலைத் தம் ஊரிலேயே கற்கின்றனர். அவர்கள் நாளை ஆக்குவது விளையாட்டாகலாம், வேறு நிரலாகலாம். அவர்கள் கூடுவதற்கு அச்சமற்ற மாலைப்பொழுதும், ஆக்கியதைத் தமதெனக் கூறும் உரிமையும் வாய்க்குமா என்பதே வினா. துறைமுகத்தின் ஆழம் இயற்கை தந்தது. அதற்கு யாரும் உழைக்கவேண்டியதில்லை. இவ்விரண்டையும் மனிதரே உழைத்து ஆக்கவேண்டும்.